மேல் புள்ளியைத் தாண்டி

நரின் பேருந்து நிலையத்தின் பின்வாசல்.
மைனஸ் இருபத்தேழு.
நான்கு இருக்கை நிரம்பிவிட்டது.
ஐந்தாவதற்குக் குபாத் கூவுகிறான்:
பிஷ்கெக், பிஷ்கெக், ஒரே ஆள், ஒரே ஆள்.

நான் பானெட்டைத் தூக்கி
அளவுக்கோலை உருவுகிறேன்.
தலையணை உறையின் கிழிசலில் துடைத்து
மறுபடி செருகி, மறுபடி உருவுகிறேன்.
முதல் தடவை வருவது குழாய்ச் சுவரின் பேச்சு.
இரண்டாம் தடவைதான்
வயிறு வாய் திறக்கும்.

கீழே ஒரு புள்ளி, மேலே ஒரு புள்ளி.
நேற்று நடுவில் நின்ற எண்ணெய்
இன்று மேல் புள்ளியைத் தாண்டி
ஒரு நக அகலம்.

"கூடத்தானே இருக்கு ஜூரா அக்கா, எடுங்க வண்டியை"
என்கிறது முன்சீட்டு ராணுவக் கோட்டு.

குறைந்தால் ஊற்றிவிடலாம், தம்பி.
ஊற்றாமல் கூடினால்
அழையாமல் யாரோ நுழைந்திருக்கிறார்கள்.

மூடியைத் திருகிப் பார்த்தேன்.
உட்புறம் பாலேடு. விரலில் ஒட்டும் நுரை.
பிள்ளைப்பேறு பார்க்கப் போகும் தொக்தோகான்
மடியில் ஆட்டு இரைப்பையில் அடைத்த வெண்ணெய்;
எட்டிப் பார்த்து,
"இது மாதிரியே இருக்கே" என்றாள்.
ஆமாம்.
இங்கே தாழி உடைந்த பிறகு திரண்டது.

குளிரில் கிட்டத்து ஓட்டம் ஓடினால்
மூடியில் இப்படிப் படியும்; வெறும் வியர்வை.
எனக்கும் தெரியும் அது.
ஆனால் வியர்வை நக அகலம் ஏறாது.
குளிர்நீர்க் குடுவையிலும் பச்சை
இரண்டு விரல் இறங்கியிருக்கிறது.

அக்டோபரில் சந்தையில்
ஆயிரத்து நானூறு சோமுக்கு ஒன்று சிரித்தது.
நான் கேட்டது பூஜ்யம் முப்பது,
இரண்டாயிரத்து அறுநூறு.
கெட்டி எண்ணெய் இந்தக் குளிரில் உறைந்த தேன்;
இன்ஜின் கத்தும்,
அது மெல்ல எழுந்து சோம்பல் முறிக்கும்.
மூடியின் வளையம் புதிதாய் முறிகிற சத்தத்தைக்
காது வைத்துக் கேட்டுத்தான் காசு கொடுத்தேன்.
குழிக்குள் நானே இறங்கினேன்.
செம்பு வாஷர் புதிது.
ஃபில்டரின் ரப்பருக்கு ஒரு விரல் எண்ணெய் தடவி
கையால் இறுக்கினேன், கோபத்தால் அல்ல.

எல்லாம் நானே செய்ததில்
ஒரே ஒரு குறை:
இப்போது திட்ட ஆளில்லை.

பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன்.
ராணுவக் கோட்டு எண்ணி வாங்கியது.
மைராம்பெக் அவர்களை ஏற்றிக்கொண்டான்;
எண்ணெய் விளக்கு எரிகிறதென்று
அதன் மேல் கறுப்பு டேப் ஒட்டியவன்.
டோலோன் கணவாய்ப் பக்கம்
அவன் புகை போனதையே பார்த்து நின்றேன்.
என்ன நினைத்தேன் என்று
சொல்ல மாட்டேன்.

மூன்று மணிக்குத் தொக்தோகான் செய்தி:
வந்து சேர்ந்தோம். பெண். மூன்று கிலோ இருநூறு.
வெண்ணெய் கசியவில்லை.

கணவாய் யாரையும் தண்டிக்கவில்லை.
மைராம்பெக் பாட்டுப் போட்டபடி
இரவே திரும்பியும் வந்துவிட்டான்.

நான் குபாத்தின் தம்பி குழியில்
விளக்கைப் பல்லில் கடித்து
போல்ட்டைக் கழற்றினேன்.
முதலில் இறங்கினார் விருந்தாளி,
பச்சையாய், அவசரமில்லாமல்.
ஒரு கோப்பை, இரண்டு, மூன்றாவது பாதி.
அப்புறம் சாம்பல் நிறத்தில்
என் இரண்டாயிரத்து அறுநூறு சோம்.

அறுத்த கேனுக்குள்
இரண்டும் பிரிய மனமில்லாமல் கிடந்தன.

மேலிருந்து குபாத் குரல்:
"நாளைக்கு உன் பெயரை எழுதவா?"

வாயில் விளக்கு.
தலையை மட்டும் ஆட்டினேன்.
இருட்டில் அது ஆமாவா இல்லையா என்று
அவனுக்குத் தெரிந்திருக்காது.