வெறும் வயிற்று இரத்தம்

அறுபது தாண்டியவர்கள் நாற்பது பேர் வேண்டும்
முத்துப்பேட்டையில்,
இதுவரை எந்த ஆய்விலும் சேராதவர்கள்
என்று தஞ்சாவூரிலிருந்து அனுப்பினார்கள்.
சேராதவர்களா, சேர்க்காதவர்களா
என்று நான் கேட்கவில்லை.
நாள் சம்பளக்காரி.

படிவம் பதினோரு பக்கம்.
இரண்டாவது வீட்டில் மோர் கொடுத்தார்கள்.
தம்மாமிலிருந்து மகன் போனில் சொன்னார்:
வாப்பா எதுலயும் கையெழுத்துப் போட வேணாம்.
அந்தப் பயத்துக்குப் படிவத்தில் கட்டம் இல்லை.

மூன்றாம் வாரம், பள்ளிவாசல் பின்தெரு.
ஜைத்தூன் பீவி, எழுபத்தொன்று.
இறால் உரித்தே ரேகை போன விரல்கள்.
ரேஷன் மெஷினுக்கே என்னத் தெரியல,
ஒங்க தாளுக்குத் தெரியுமா?

பிறகு சொன்னார்:
கடல் ஏறுன வருசம் ஒரு கூட்டம் வந்துச்சு.
எங்க வீட்டு ஆளுகிட்ட மூணு குப்பி ரத்தம்.
என்ன இருந்துச்சுன்னு யாரும் வந்து சொல்லல.
அவுக மௌத்தாகி ஒம்பது வருசம்.
ரத்தம் மட்டும் எங்கயாச்சும்
ஐஸ்ல இருக்குமாம்மா?

தெரியவில்லை என்றேன்.
அன்று நான் சொன்னதில்
அச்சடிக்காத பதில் அது ஒன்றுதான்.

ஒங்களுக்குச் சக்கர இருக்கா?
இருக்கு.
மாத்திர?
ரெண்டு மாசமா இல்ல.
அப்ப மொதல்ல ஒங்க பேர எழுதுங்க.
எனக்கு ஐம்பத்து நாலு,
தகுதியில்லை.
இருவரும் சிரித்தோம், அவர் கொஞ்சம் கூடுதலாக.

கடைசித் தேதி நோன்பில் விழுந்தது.
வெறும் வயிறுதானே, நமக்கு வசதி என்றார் தஞ்சாவூர் சார்.
அவருக்கு ஸஹரைச் சொல்லி,
மணியை எண்ணிக் காட்டி,
காலை வண்டியை மாலை வண்டியாக்க
நாலு நாள் போனது.
நோன்பு முறியாது என்று
ஹஜ்ரத்திடம் ஜைத்தூன் பீவியே கேட்டு வந்தார்.

ஐந்தரைக்கு வண்டி.
பாங்குக்குள் பத்தொன்பது பேர்.
கஞ்சி அண்டாவை விட்டு வந்து
ஜபருல்லா சாட்சிக் கையெழுத்துப் போட்டார்,
தாளில் மஞ்சள் கறை.
குப்பியில் பேர் எழுதக் கூடாது, எண் மட்டும்.
நானூற்றுப் பதினேழு.
அதைக் காலண்டர் தாளில் எழுதி வாங்கி
முந்தியில் முடிந்துகொண்டார்.

நாற்பது ஆகவில்லை. திட்டம் முடிந்தது.
முடிவுகள் தபாலில் போகும் என்றார்கள்,
இங்கிலீஷில்.

திருத்துறைப்பூண்டியில் பஸ் நிற்கிறது.
மடியில் பத்தொன்பது தாள்.
ஒவ்வொன்றின் பின்னாலும் தமிழில் எழுதுகிறேன்:
சர்க்கரை இவ்வளவு, உப்பு இவ்வளவு, பரவாயில்லை.
பதினெட்டு எழுதியாயிற்று.

நானூற்றுப் பதினேழின் பின்பக்கம்
அவர் பேரை மட்டும் எழுதியிருக்கிறேன்.
டிரைவர் டீயை முடித்துவிட்டார்.