தட்டைப்பாதம்

பாளையங்கோட்டை, லாரி ஷெட்டுக்கு மேல்மாடி.
இரண்டாம் சனிக்கிழமை திரைப்படக் கழகம்.
முப்பது நாற்காலி, பதினோரு பேர்.
சுண்ணாம்பு உரிந்த சுவரில்
எந்தப் பிரெஞ்சுக்காரன் வந்தாலும்
கன்னத்தில் ஒரு மரு.

அன்றைக்கு சப்டைட்டில் வரவில்லை.
செயலாளர் ஆவுடையப்பன் மூன்று தடவை எழுந்து
மூன்று தடவை வியர்த்து உட்கார்ந்தார்.
கட்டாயப் பட்டாளத்துக்கு வந்த பையன்கள்,
தொளதொளத்த கால்சட்டை, காதுவரை தொப்பி.
கத்துகிறவன் வாயிலிருந்து
எச்சில் தெறிப்பது மட்டும் புரிந்தது.

பின்வரிசையில் ஹவில்தார் ஞானதிரவியம்
தொண்டையைச் செருமினார்.
“ஏல, இது துப்பாக்கியா தொடப்பங்கட்டையாங்கான்.”
“இப்ப இவன் லீவு கேக்கான். கெடைக்காது.”
“ஒங்க அத்தை எத்தன தடவைலே சாவாங்கான்.”
அவருக்குப் பிரெஞ்சு தெரியாது.
பதினேழு வருஷம் பட்டாளம் தெரியும்.

பிறகு மருத்துவப் பரிசோதனை.
ஒருத்தன் செவிடாகிறான்.
ஒருத்தன் சோப்பைத் தின்று நுரை தள்ளுகிறான்.
ஒரு செம்பட்டைத் தலையன்
பாதத்தைக் காட்டிக் காட்டி நொண்டுகிறான்.
“தட்டைக் காலாம், வீட்டுக்கு விடணுமாம்.”
டாக்டர் அவன் காலை மையில் தோய்த்துக்
காகிதத்தில் வைக்கச் சொல்கிறார்.
பிறை மாதிரி வளைவு, அத்தனை அழகாக.
“உள்ள போலே!” என்றார் ஹவில்தார்.
கூரைத் தகரம் அதிர்ந்தது.

நான் புரொஜக்டர் பக்கத்தில் நின்றிருந்தேன்.

வ.உ.சி. மைதானத்தில் ஆள் எடுத்த வருஷம்
எடைக்காக ஒன்பது கோழிக்கூடு பழம் தின்றேன்.
ஓட்டத்தில் நாலாவது ஆள்.
மாரை விரித்தேன்; கண் பார்த்தார்கள், பல் எண்ணினார்கள்.
கடைசியில், காலை நனைத்துக்கொண்டு
சிமெண்டில் நில் என்றார்கள்.
விரல்களால் தரையைக் கவ்வி
உள்ளங்காலைத் தூக்கிப் பிடித்தேன்,
மூச்சையும் சேர்த்து.
டாக்டர் தோளில் கைவைத்து லேசாய் அழுத்தினார்.
அவ்வளவுதான்.
தோசைத்திருப்பி மாதிரி
முழுசாய்ப் பதிந்தது.

அந்தச் செம்பட்டையனை
முறைத்துக்கொண்டேதான் படம் ஓட்டினேன்.
உருளைக்கிழங்கு மலைக்கு முன்னால்
கத்தியோடு அவனை உட்கார வைத்தபோது
எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.
அந்தக் காட்சிக்கு ஹவில்தார் ஒன்றும் சொல்லவில்லை.
அவர் கட்டைவிரல் மட்டும் இருட்டில்
எதையோ தோல் சீவிக்கொண்டிருந்தது.

படம் விட்டதும் படியிறங்கினோம்.
கீழே லாரி கழுவிய தண்ணீர்.
செருப்பு அந்தப் பக்கம் கிடந்தது.
வெறுங்காலோடு தாண்டி வந்தவர்களின் ஈரத்தடம்
காய்ந்த சிமெண்டில் வரிசையாக.
ஹவில்தார் டார்ச் அடித்தார், குனிந்தார்.
“நம்ம கூட்டத்துல
வாத்து ஒண்ணும் படம் பாத்திருக்குடே.”

எல்லோரோடும் சேர்ந்து சிரித்துக்கொண்டே
செருப்பை மாட்டினேன்.