ஆறு மாத வட்டி

டுலூத்தில் பிப்ரவரி என்றால்
வங்கியின் கால்மிதியும் உப்புக் கரிக்கும்.
ராத்திரி நான் தெருவுக்குத் தூவிய உப்பு
என் பூட்ஸில் ஏறி என்னோடே உள்ளே வருகிறது.

பதினெட்டாயிரம் டாலர்.
பத்துக் குளிர்காலம், மூன்று மணிக்கு எழுந்து
பனிவாரி வண்டி ஓட்டிய மிகைநேரக் கூலி.

பாஞியா இரண்டு தாள்களை என் பக்கம் திருப்புகிறாள்.
ஒன்று பதினோரு மாதம், மூன்றேகால் வட்டி.
ஏழாம் நாளிலிருந்து எப்போது கேட்டாலும் தருவார்கள்,
ஆனால் முழுசாக. கிள்ளி எடுக்க முடியாது.
இன்னொன்று மூன்று ஆண்டு, நான்கு வட்டி.
நடுவில் உடைத்தால் ஆறு மாத வட்டி அபராதம்,
முந்நூற்று அறுபது.

"இரண்டாம் மாதமே உடைத்தால்?"
"அதுவரை சேர்ந்தது நூற்று இருபதுதானே.
மீதியை முதலில் கழிப்பார்கள்."
பக்கத்து அறையில் நோயாளி தூங்குவதுபோல்
குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

ஹீட்டர் கெட்டால், பல் உடைந்தால் என்றெல்லாம் கேட்டாள்.
அதற்கு இரண்டாயிரம் வேறு கணக்கில் இருக்கிறது.
ஆர்விட் படுத்திய அளவுக்கு
எந்த ஹீட்டரும் என்னைப் படுத்தியதில்லை என்று
அவளிடம் எப்படிச் சொல்ல?

என் தம்பி போன் செய்தால்
முதலில் பனியைப் பற்றிப் பேசுவான்.
பனி நின்றதும் தொகை வரும்.
போனமுறை ஸ்னோமொபைல்,
அதற்கு முன்னால் சூதாட்ட விடுதியில் ஒரு சனிக்கிழமை.
திருப்பித் தருவேன் என்கையில்
அவன் பொய் சொல்வதில்லை. கஷ்டமே அதுதான்.

'முடியாது' என்ற சொல் எனக்கு வாயில் வராது.
'வங்கி விடாது' வரும்.

"இதைவிடப் பெரிய அபராதம் உள்ளது இருக்கிறதா?"

பாஞியா நிமிர்ந்து பார்த்தாள்.
அடி இழுப்பறையில் தேடி எடுத்தாள்:
ஐந்து ஆண்டு, மூன்று புள்ளி ஆறு,
உடைத்தால் ஒரு வருட வட்டி முழுதும்.
"வட்டியும் குறைவு, பூட்டும் நீளம்.
உண்மையைச் சொன்னால், இதை யாரும் கேட்பதில்லை."

அறுநூற்று நாற்பத்தெட்டு.
என் கணக்கில் அது பதினோரு இரவு,
ஏரிக்காற்று கண்ணாடியை அறையும் இரவு.

அவன் அழுதால் உடைப்பேன், எனக்கே தெரியும்.
முந்நூற்று அறுபது என்றால் அன்றைக்கே உடைப்பேன்.
அறுநூற்று நாற்பத்தெட்டு என்றால்
ஒரு ராத்திரியாவது யோசிப்பேன்.
அந்த ஒரு ராத்திரியை வாங்கத்தான் வந்திருக்கிறேன்.

"கையெழுத்து இங்கே, சோல்வேய்.
கணக்குதாரர் இறந்துபோனால் அபராதம் கிடையாது,
முழுத்தொகையும் கொடுத்துவிடுவோம்.
யார் பெயருக்கு?"

பேனாவின் சங்கிலி குட்டை.
தாளைத்தான் அதனிடம் இழுக்க வேண்டியிருந்தது.
ஆர்விட் என்று எழுதினேன்.
உறவு என்ற கட்டம் ரொம்பச் சின்னது.
தம்பி அதில் அடங்கிவிட்டான்.