மயிலை, செவலை

பாலக்காட்டுக் கணவாய்க்கு அந்தப் பக்கம் எங்கோ கடல்.
இங்கே அனுப்பர்பாளையத்தில்
பையர் அனுப்பிய படத்தாளில் இரண்டு டால்பின்கள்,
டிரேசிங் மேசையின் வெளிச்சத்தில்.

ஒன்று நம் கரைப்பக்கத்தது. ஈய நிறம்.
முதுகில் நீளமாய் ஒரு மேடு,
அதன் உச்சியில் ஒட்டவைத்தாற்போல்
சின்னத் துடுப்பு.
மற்றது வங்கக் கடலுக்குக் கிழக்கே, சீனம் வரைக்கும்.
ரோஸ். மேடில்லை;
அகன்ற அடியோடு முக்கோணத் துடுப்பு
முதுகிலிருந்தே எழுகிறது.
பெயரில் மட்டும்
இரண்டுக்கும் கூன்.

நாச்சிமுத்து முதல் ஓட்டத்திலேயே
ரோஸுக்குத் திமில் வைத்துவிட்டான்.
நானூற்றுப் பன்னிரண்டு பீஸ்.
செக்கிங் மேசையில் மயிலாத்தா
ஒவ்வொன்றிலும் சிவப்பு அம்பு ஒட்டிக்
கூடையில் போட்டாள். பேசவில்லை.

"ரெண்டும் பங்காளிங்க தானுங்களே?"
"பங்காளிதான்.
பாகம் பிரிச்சப்போ திமிலு
மேக்கால வீட்டுக்குப் போயிருச்சு.
ஸ்கிரீனைக் கழுவு."

பதினொரு மணிக்கு ஒரு வயசு சைஸ் வந்தது.
படத்தாளின் அடியில் பொடி எழுத்து:
குட்டிக்கு ரோஸ் வேண்டாம்.
கிழக்கத்தியது சாம்பலாய்த்தான் பிறக்கும்,
வருசம் போகப் போகக்
கறுப்பு விட்டு வெளுத்து, சிவக்கும்.
மேற்கத்தியக் குட்டிக்கோ
மேடு இன்னும் எழும்பியிராது.

நாச்சிமுத்து ஸ்குவீஜியைக் கீழே வைத்தான்.
காங்கயத்துக்குத் தெற்கே அவன் ஊர்.
"எங்கூட்டுக் கன்னு செவலையாப் பொறந்து
மயிலையாகுமுங்க.
இது மயிலையாப் பொறந்து
செவலையாகுதா!"

அன்றைக்கு முதல்தடவையாக
மயிலாத்தா சிரித்தாள்.

இரண்டு குட்டி பிலிமையும்
ஒன்றின்மேல் ஒன்று வைத்து
டியூப்லைட்டுக்குக் காட்டினேன்.
துடுப்பின் அடியில் ஒரு நூல் வித்தியாசம்,
மற்றதெல்லாம் ஒரே குட்டி.
"ஒரே ஸ்கிரீன்ல முடிச்சரலாமுங்க,
ஆரு பாக்கப் போறா?"
கரண்ட் ஒருதரம் போய் வந்தது.
ஒரு ஸ்கிரீனின் கூலி
எனக்கும் தேவையாகத்தான் இருந்தது.

ரெண்டே போட்டேன்.

திமில் வைத்த ரோஸ் அத்தனையும்
காதர்பேட்டைக்குக் கிலோக் கணக்கில் போயிற்று.
சித்திரையில் கண்ணபுரம் மாட்டுச் சந்தையில்
யாரோ ஒரு பொடியன்,
எந்தக் கடலிலும் இல்லாத அந்த டால்பினை
நெஞ்சில் போட்டுக்கொண்டு
மயிலைக் காளையொன்றின் கயிற்றைப் பிடித்து நின்றான்.

அம்பு ஸ்டிக்கர்
பிசிறாய்க் கொஞ்சம்
இன்னும் ஒட்டியிருந்தது.