வியாழன் மாலை, நூலக நிலவறை

லூயிஸ்டன் நூலகத்தின் நிலவறையில்
சட்டம் இலவசம்; காபிதான் ஆறிப்போயிற்று.

வேலி தாண்டி வந்த ஆப்பிள் கிளையை
வெட்டலாமா என்கிறார் வர்சமே.
"உங்கள் எல்லை வரைக்கும். பழம் யாருக்கு என்றால்
மூன்று வக்கீலுக்கு நாலு கருத்து."

சிரிப்பு அடங்குமுன், பனி ஒட்டிய பூட்ஸோடு
வக்கீல் திபோடோ பலகையில் எழுதுகிறார்:
எதையும் எழுத்தில் வாங்கு. தேதி போடு.

கடைசி வரிசையில் ஒடேல்.
"தோழிக்காகக் கேட்கிறேன்.
பூட்டை மாற்றலாமா,
வாடகைப் பத்திரத்தில் அவன் பெயரும் இருந்தால்?"

பேனா நிற்கிறது.

"தோழியிடம் சொல்லுங்கள்,
பூட்டுக்கு முன்னால் பாதுகாப்பு உத்தரவு.
நாளை எட்டரைக்கு நீதிமன்றம் திறக்கும்.
படிக்கட்டில் நிற்பேன்.
என் கோட்டு சிவப்பு."

ஒடேல் எழுதிக்கொள்கிறாள்,
தேதி போட்டு.