ஓவர்டைம்

பகலெல்லாம் கால்கள்.
சோஹாரில், மீன் சந்தைக்குப் பின்தெருவில்
மூன்றாம் எண் அறை.
சர்க்கரை அரித்த பாதங்கள் என் மடிக்கு வரும்.
குதிகால், பெருவிரல்,
பெருவிரல் இருந்த இடம்.
கழுவி, செத்ததைச் சுரண்டி, பஞ்சு வைத்துக் கட்டி
நனைக்காதீங்க என்று அரபியில் சொல்வேன்.
நனைத்துக்கொண்டுதான் வருவார்கள்.

இரவில் ஒரே ஒரு கால்.
அதுவும் இடது.

வெள்ளிக்கிழமைச் சந்தையில்
ஒன்றரை ரியாலுக்கு வாங்கிய வாத்து.
ஓவர்டைம் காசு, பெயரும் அதுவே.
கிறிஸ்துமஸ் வரை பொறுத்துக்கொள்வதாக ஜெசிந்தா சொன்னாள்.
இரண்டு கிறிஸ்துமஸ் போய்விட்டது.
இப்போது அவள்தான் அதற்குக் கீரை நறுக்குகிறாள்.

மொட்டைமாடிக் காங்கிரீட்
மே மாதத்தில் தோசைக்கல்.
நிழல்வலை கட்டினேன், டப்பில் தண்ணீர் வைத்தேன்,
தரையை மட்டும் நினைக்கவில்லை.
பாதம் பார்த்துச் சம்பளம் வாங்குகிறவள் நான்.

ஒரு நாள் நொண்டியது.
மறுநாள் உட்கார்ந்தே தின்றது.
புரட்டிப் பார்த்தால்
மஞ்சள் சவ்வின் நடுவே கறுப்பாய் ஒரு பொருக்கு,
மிளகளவு.
சுற்றி வீக்கம், தொட்டால் சுட்டது.
மிளகு வெறும் மூடிதான். உள்ளே வேர் போயிருக்கும்.
பதினோரு வருஷமாக எனக்குத் தெரியும்.

எப்சம் உப்பில் இருபது நிமிஷம் ஊறவைத்து
ஜெசிந்தா துண்டால் சுற்றிப் பிடிக்க
குளியலறை விளக்கில் நெம்பினேன்.
கடலைப்பருப்பு மாதிரி கெட்டியாய் வந்தது,
ஒரே துண்டாக வரவில்லை.
வாத்து கத்தவேயில்லை.
துண்டுக்குள் அதன் நெஞ்சு மட்டும்
தையல் மிஷினாய் ஓடியது.
மருந்து, பஞ்சு, மேலே நீலக் கட்டு.
இறக்கி விட்டதும் ஓவர்டைம்
நீலத்தை ஒரு கண்ணால் பார்த்தது,
மறு கண்ணால் பார்த்தது,
பிறகு தின்னப் பார்த்தது.

செவ்வாய்க்கிழமை முராத் வருவார்.
மத்தி பிடிக்கிறவர், வலது காலில் மூன்று விரல் பாக்கி.
கத்தியை எடுத்தாலே முகம் திருப்பி
கூரையிடம் ஏதோ ஓதுவார்.
ஒரு நாள் கவனத்தை மாற்ற
வாத்துக் கதையை எடுத்து விட்டேன்,
பாதி அரபி, பாதி இந்தி, மீதி கை ஜாடை.
அரபியில் வாத்துக்குப் பத்தா.
சிரித்தார்.
சிரித்து முடிப்பதற்குள் சுரண்டி முடித்துவிட்டேன்.

அப்புறம் தன் காலைப் பற்றி
ஒரு கேள்வி கேட்டதில்லை.
"பத்தா எப்படி?"
"இன்னும் ஆறலை."
"நடக்க விடாதே," என்பார்
வண்டியிலிருந்து வெறுங்காலோடு இறங்கி வந்தவர்.
ஒரு தடவை ஐஸ் பெட்டியில் மத்தி, பத்தாவுக்கு.
இன்னொரு தடவை:
"கடல்மணல் போடு. சிமெண்ட் எந்தக் காலுக்கும் ஆகாது."

வாட்ச்மேன் மொஃபிஸும் நானும்
ஒன்பது சாக்கு மணல் அள்ளினோம்.
லிஃப்ட் கெட்டுப்போன நாலு மாடி.
உப்புப் போக அலசி, உலர்த்தி, பரப்பினோம்.
"இது என்ன, பீச்சா?" என்றார் மொஃபிஸ்
அதில் படுத்துக்கொண்டே.

தினமும் கட்டு மாற்றினேன்.
குழி மேடானது, மறுபடி குழியானது.
ஜூலை பதினெட்டு, பொருக்கு தானாக உதிர்ந்தது.
அடியில் ரோஜா நிறத்தில் தோல்,
புது உதடு போல.

செவ்வாய்க்காகக் காத்திருந்தேன்.
முராத் வரவில்லை.
அடுத்த செவ்வாயும் நாற்காலி காலி.
ஃபைலில் ஒரே வரி: மஸ்கட்டுக்கு அனுப்பப்பட்டார்.
முழங்காலுக்கு மேலா கீழா,
அதை யாரும் எழுதவில்லை.

நோயாளி வீட்டுக்குப் போன் செய்ய எங்களுக்கு அனுமதி கிடையாது.
மாடியில் நின்று செய்தேன்.
ஒரு பெண் எடுத்தாள். யார் என்றாள்.
எனக்குத் தெரிந்த அரபியெல்லாம்
நனைக்காதீங்க, மடக்குங்க, வலிக்குதா.
எதுவும் பொருந்தவில்லை.
"பத்தா," என்றேன்.
"பத்தா ஜைன்."

சத்தமில்லை.
காலடியில் ஓவர்டைம் என் செருப்பு வாரைக் கொத்தியது.
பிறகு அந்தப் பக்கம்
போனைக் கையால் மூடிக்கொண்டு
அவள் யாரிடமோ திரும்பிச் சொல்வது கேட்டது:

பத்தாவாம்.