திருகாணிக்கு அடியில் ஒரு செவ்வாய்க்கிழமை

கோரிமேட்டு ஷெட்டில் மூன்றாவது இரவு.
பம்ப் நிமிடத்துக்கு அறுபதாயிரம் சுற்று,
காதோரம் கொசு மாதிரி ஒரே ஸ்ருதி.
மீட்டர் மட்டும் இறங்கவில்லை.
பத்தின் மைனஸ் ஏழில் உட்கார்ந்துகொண்டு
வாடகை பாக்கிக்காரனைப் போல
முகம் கொடுக்க மாட்டேன் என்கிறது.
எட்டுக்குப் போகவேண்டும் என்பது ஒப்பந்தம்.
வெள்ளிக்கிழமை லாரி.

இன்னாசி ஹீலியம் குழாயை
சாம்பிராணி காட்டுவதுபோல் கொண்டுவருகிறார்,
மேலிருந்து கீழாக.
ஹீலியம் லேசு; கீழே தொடங்கினால்
மேல் இணைப்பின் குற்றத்தைக் கீழ் இணைப்பு சுமக்கும்.
ஒவ்வொரு தாமிர வளையத்துக்கும் பத்து மூச்சு காத்திருந்தோம்.
டிடெக்டர் வாயே திறக்கவில்லை.

ஓட்டை இல்லை. ஆனால் காற்று வருகிறது.

வேடிக்கை,
இந்தக் கருவியின் வேலையே கசிய விடுவது.
அயனி மூலத்துக்கு ஹைட்ரஜன் வேண்டும்.
ஊசி வால்வை ஒரு மயிரிழை திருப்பினால்
ஒரு டம்ளர் வாயு
ஒரு பகலும் ஓர் இரவும் போய்க்கொண்டிருக்கும்.
அதைத் தாண்டினால் வெறுமை வேண்டும்,
புரோட்டான் எதன்மீதும் இடிக்காமல் ஓட.
நான் கேட்டு வந்தால் ஓட்டம்,
கேட்காமல் வந்தால் கசிவு.

டீ குடிக்க வெளியே நின்றோம்.
வெள்ளைக்கல் குவாரித் தூசி ஸ்கூட்டர் சீட்டில்.
ஏற்காட்டுப் பாதையில் ஒரு விளக்கு
கொண்டை ஊசி வளைவில் அணைந்தது.
கொஞ்ச நேரம் இருட்டு மலை.
பிறகு மேல் வளைவில் அதே விளக்கு.
“எங்கே போச்சு?” என்றேன்.
“எங்க போகும், மலைக்குள்ளதான் இருந்துச்சு.”

டம்ளரை வைத்துவிட்டு உள்ளே ஓடினேன்.

கலத்தின் உள்தகட்டில் நான்கு திருகாணிகள்,
நான் முடுக்கியவை. துளைகளுக்கு மறுபுறம் இல்லை.
ஒவ்வொன்றின் அடியிலும் கடுகளவு காற்று,
செவ்வாய்க்கிழமைக் காற்று:
வெல்டிங் புகை, இன்னாசியின் பரோட்டாப் பொட்டலம்,
பேங்க் மேனேஜர் போனில் “பார்க்கலாம் மேடம்” என்றபோது
நான் விட்ட பெருமூச்சு.
மரை மரையாக ஏறி
மூன்று நாளாக வந்துகொண்டிருக்கிறது.

நைட்ரஜன் நிரப்பித் திறந்தோம்.
ஆணிகளின் நடுவில் ஒரு மில்லிமீட்டர் துளை போட்டேன்,
தலை முதல் நுனி வரை.
கழுவி, மூடி, இரவு முழுக்கச் சூடேற்றி,
வியாழன் மதியம் எட்டு.

வால்வைத் தொட்டேன். எண் ஏறியது.
நிறுத்தச் சொன்ன இடத்தில் நின்றது.
இன்னாசி எதுவும் சொல்லாமல் ஸ்பேனரைத் துடைத்தார்.

மூன்று மணிக்கு பேங்கிலிருந்து போன்.
எடுத்தேன். கேட்டேன்.
மூச்சை மட்டும்
ஷெட்டுக்கு வெளியே போய் விட்டேன்.